அறிவியல் வகுப்பின் கணக்கையும் கேளுங்கள்

சார்ட்டர் பள்ளிகளின் அறங்காவலர் குழுக்களில் இருக்கும், அவற்றுக்கு நன்கொடை அளிக்கும், அங்கே தன்னார்வலர்களாக வந்துபோகும் நியூ ஜெர்சித் தமிழர்களுக்கு,

வணக்கம்.

நியூவார்க் நகரத்தில், பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார் செய்வதையே நோக்கமாக அறிவித்துக்கொண்ட ஒரு சார்ட்டர் பள்ளியில் நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். உங்களில் சிலரைப் பள்ளி விழாக்களில் பார்த்திருக்கிறேன். சிலர் இத்தகைய பள்ளிகளை நடத்தும் குழுக்களில் உறுப்பினர்கள். சிலர் தங்கள் நிறுவனத்தின் சார்பில் மடிக்கணினிகள் வாங்கித் தந்தவர்கள். மருந்து ஆய்விலும் மென்பொருளிலும் தொலைத்தொடர்பிலும் வேலை செய்கிறீர்கள். அறிவியலும் கணிதமும் படித்ததால்தான் உங்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்கு வர முடிந்தது. அந்த உரிமையில், நம் மொழியிலேயே ஒரு கோரிக்கை வைக்கிறேன். குழுக் கூட்டத்தில் கணித மதிப்பெண்ணும் ஆங்கில மதிப்பெண்ணும் திரையில் வந்துபோன பிறகு, "அறிவியலுக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் தருகிறோம்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.

இந்தப் பள்ளிகளை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணமில்லாத பள்ளி. ஆனால் நகரப் பள்ளி நிர்வாகத்தின் கீழ் வராது. தனிக் குழு ஒன்று அதை நடத்தும். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் முறையில் சேர்க்கை நடக்கும். மினசோட்டா மாநிலம் 1991-ல் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. நியூ ஜெர்சியில் 1990-களின் நடுவில் சட்டம் வந்தது. நியூவார்க்கின் தொடக்ககாலச் சார்ட்டர் பள்ளிகளில் ஒன்றான நார்த் ஸ்டார் அகாடமி 1997-ல் திறக்கப்பட்டது. நகரத்தின் பொதுப் பள்ளிகளை மாநில அரசே 1995-ல் கையில் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பெற்றோர் நம்பிக்கை இழந்திருந்தார்கள். குலுக்கலில் பிள்ளையின் பெயர் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்ட தாய்மார்களை நான் அறிவேன். அவர்களை யாரும் ஏளனமாகப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

சார்ட்டர் பள்ளிகள் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இங்கே நான் நடத்தப்போவதில்லை. இவை சாதித்தவை உண்மையானவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 41 நகர்ப்பகுதிகளை ஆராய்ந்து 2015-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நகர்ப்புறச் சார்ட்டர் பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் கணிதத்தில் 40 நாள் பாடத்துக்கும், வாசிப்பில் 28 நாள் பாடத்துக்கும் ஈடான அளவு கூடுதலாகக் கற்கிறார்கள் என்றது அது. முன்னணியில் நின்ற நகரங்களில் நியூவார்க்கும் ஒன்று. எங்கள் ஆசிரியர் அறையில் அந்தச் செய்தி பெருமையோடு பேசப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த ஆய்வு எதை அளந்தது என்பதைக் கவனியுங்கள்: கணிதம், வாசிப்பு. அறிவியல் அதில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது, ஆண்டுதோறும் ஒப்பிடுவதற்கான அறிவியல் மதிப்பெண்ணே பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2002 ஜனவரியில் கையெழுத்தான கூட்டரசுக் கல்விச் சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை ஒவ்வோர் ஆண்டும் கணிதத்திலும் வாசிப்பிலும் தேர்வு வைக்கச் சொன்னது. அறிவியலுக்குத் தொடக்க நிலையில் ஒருமுறை, நடுநிலையில் ஒருமுறை, உயர்நிலையில் ஒருமுறை என்று விட்டது. 2015-ல் வந்த மாற்றுச் சட்டமும் இந்த ஏற்பாட்டைத் தொடவில்லை. நியூ ஜெர்சியில் அறிவியல் தேர்வு 5, 8, 11 ஆகிய வகுப்புகளில் மட்டும் நடக்கிறது. ஆக, ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் ஒரு பிள்ளை அறிவியலில் என்ன கற்றாள் என்று மாநிலம் கேட்பதே இல்லை. நான் கற்பிக்கும் வகுப்பு ஏழாம் வகுப்பு.

தேர்வுகளின் எண்ணிக்கை கூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேர்வு இல்லாத பாடம் பள்ளியின் அட்டவணையில் எப்படிச் சுருங்குகிறது என்பதைச் சொல்கிறேன். செப்டம்பரில் அறிவியலுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளை இருக்கும். பள்ளியின் முதல் இடைப்பருவத் தேர்வு முடிவுகள் வந்ததும் கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனிப் பயிற்சிக்கு அழைத்துப்போவார்கள். அழைத்துப்போகும் நேரம் என் வகுப்பு நேரம். குளிர்காலத்துக்குப் பின் அறிவியலும் சமூகவியலும் ஒரே பாடவேளையை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ளும். மாநிலத் தேர்வு நெருங்கும்போது, எரிமலைகளைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரையைக் கொடுத்து, "இரண்டாம் பத்தியின் மையக்கருத்து என்ன?" என்று கேட்கும் தாள் என் கைக்கு வரும். அட்டவணையில் அதன் பெயர் அறிவியல். நடப்பது ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி.

பிள்ளைகள் எங்களிடம் வந்து சேரும்போதே அறிவியலில் வறியவர்களாக வருகிறார்கள். 2018-ல் நாடு முழுவதும் ஆசிரியர்களிடம் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், மூன்றாம் வகுப்புவரை நாளொன்றுக்குச் சராசரியாக 18 நிமிடமும், நான்கு முதல் ஆறாம் வகுப்புவரை 27 நிமிடமும் மட்டுமே அறிவியலுக்குக் கிடைப்பதாகத் தெரியவந்தது. புறநகர்ப் பிள்ளைக்கு இந்தக் குறையை வீடு ஈடுகட்டிவிடும். எடிசனிலும் பிளெய்ன்ஸ்பரோவிலும் உங்கள் பிள்ளைகளுக்குச் சயின்ஸ் ஒலிம்பியாட் இருக்கிறது, கோடை முகாம் இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் கேள்விக்குப் பதில் சொல்ல வேதியியல் படித்த அம்மா இருக்கிறார். என் மாணவியின் அம்மா விமான நிலையத்தில் இரவு நேர வேலை பார்க்கிறார். மகளின் கல்வியில் உங்களைவிட எள்ளளவும் அக்கறை குறைந்தவர் அல்லர். அவருக்கு இருக்கும் ஒரே அறிவியல் கூடம் எங்கள் பள்ளி.

அந்த வகுப்பில் என்ன நடக்க முடியும் என்பதற்கு ஒரு பாடத்தைச் சொல்கிறேன். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைவிட மிக மெல்லிய ஸ்டீல் வுல் ஒரு பிடி எடுத்து, அலுமினியத் தட்டில் வைத்து, மின்னணுத் தராசில் எடை பார்க்கிறோம். அதை எரித்தால் எடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? ஒவ்வொருவரும் காரணத்தோடு எழுத வேண்டும். ஏறத்தாழ எல்லோரும் குறையும் என்றே எழுதுவார்கள். மரம் எரிந்தால் சாம்பல் மிஞ்சுகிறது, மெழுகுவத்தி எரிந்தால் காணாமலே போகிறது. அவர்கள் பார்த்த உலகம் அப்படித்தான் சொல்கிறது. கண்ணாடி மாட்டிக்கொண்டு எல்லோரும் விலகி நிற்க, ஒன்பது வோல்ட் பேட்டரியின் முனைகளை அதில் தொடுகிறேன். செம்பொறி நார் நாராக ஓடுகிறது. ஆறியபின் தராசைப் பார்த்தால் எடை கூடியிருக்கிறது.

அதன்பிறகு வரும் ஐந்து நிமிடம்தான் நான் இந்த வேலையில் இருப்பதற்குக் காரணம். தராசு பழுது என்கிறான் ஒருவன். சரி, வேறு தராசில் வை. மீண்டும் அதே விடை. பேட்டரியிலிருந்து ஏதோ வந்து ஒட்டிக்கொண்டது என்கிறாள் இன்னொருத்தி. நல்ல கருத்து, எப்படிச் சோதிப்பாய்? தீக்குச்சியால் பற்றவைத்துப் பார்க்கலாம் என்கிறாள். பார்க்கிறோம். கடைசி வரிசையில், அதுவரை கையே தூக்காத ஒரு மாணவி கேட்டாள்: "அப்படியானால் காற்றுக்கு எடை இருக்கிறதா?" பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே தராசை வைத்துக்கொண்டு போராடிய கேள்வியின் வாசலுக்கு, யாரும் சொல்லித்தராமல், அவள் வந்து நின்றாள். நான் பதில் சொல்லவில்லை. அதைச் சோதிக்க இரண்டு நாள் வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாளும் அந்த வாரம் எங்களிடம் இல்லை.

நியூ ஜெர்சி 2014-ல் ஏற்றுக்கொண்ட புதிய அறிவியல் பாடத்தரங்கள் கேட்பதும் இதைத்தான். மாணவர்கள் கேள்வி எழுப்ப வேண்டும், சோதனையைத் திட்டமிட வேண்டும், தரவைப் படிக்க வேண்டும், சான்றை வைத்து வாதிட வேண்டும் என்கின்றன அவை. உலகின் எந்த நல்ல அறிவியல் கல்வியும் இதற்குக் குறைவாகக் கேட்காது. ஆனால் வாதிட நேரம் வேண்டும். தவறான ஊகத்தை வாய்விட்டுச் சொல்லும் துணிவு வேண்டும். இந்த இடத்தில் எங்கள் வகைப் பள்ளிகளின் வகுப்பறைப் பழக்கம் குறுக்கே நிற்கிறது. நிமிர்ந்து உட்கார், பேசுபவரையே பார், கையைத் தூக்கிய பிறகே பேசு, பாடமுடிவில் தரும் 'எக்ஸிட் டிக்கெட்' என்ற சிறு கேள்வித்தாளில் சரியான விடையை எழுது. குழப்பம் மிகுந்திருந்த பள்ளிகளிலிருந்து வந்த பெற்றோருக்கு இந்த ஒழுங்கு பெரும் ஆறுதல் தந்தது; அதை நான் மறுக்கமாட்டேன். அண்மை ஆண்டுகளில் பல பள்ளிகள் இதைத் தளர்த்தியும் இருக்கின்றன. ஆனாலும் சரியான விடைக்கு மட்டுமே பாராட்டுக் கிடைக்கும் இடத்தில் வளர்ந்த பிள்ளை, எடை குறையும் என்று எழுதியதைத் தராசைப் பார்த்தவுடன் அவசரமாக அழித்துவிட்டு, கூடும் என்று திருத்துகிறது. அப்படி அழித்த தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அறிவியலில் மிக மதிப்புள்ள வரியை அழித்துவிட்டோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

நமக்கும் இது புதிதன்று. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில், நைட்ரேட் இருப்பதைக் காட்டும் பழுப்பு வளையம் வருவதற்கு முன்பே பதிவேட்டில் "பழுப்பு வளையம் தோன்றியது" என்று எழுதிவைத்த தலைமுறை நாம். கல்லூரியிலோ அதற்குப் பிறகு இங்கே முதுகலை ஆய்வகத்திலோதான், விடை தெரியாத சோதனை என்ற ஒன்று இருப்பதை நம்மில் பலர் முதன்முதலாகக் கண்டோம். அந்த அனுபவம் பன்னிரண்டு வயதிலேயே கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று உங்களால் எண்ணிப் பார்க்க முடியும்.

இந்த நகரத்துக்கு அறிவியல் எவ்வளவு அவசரமானது என்பதற்கு ஈயக் குழாய்களின் கதை ஒன்று போதும். 2016-ல் நியூவார்க்கின் பள்ளிக் கட்டடங்கள் பலவற்றில் குடிநீரில் ஈயம் அதிகமாக இருப்பது தெரிந்து குழாய்கள் மூடப்பட்டன. 2017-ல் வீடுகளின் நீரில் ஈயம், நடவடிக்கை எடுக்க வேண்டிய எல்லையான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியது. 2019 ஆகஸ்டில் மக்கள் வரிசையில் நின்று பாட்டில் தண்ணீர் வாங்கினார்கள். இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது முதல் வகுப்பை ஒட்டிய வயதில் இருந்தார்கள். தண்ணீர்ப் பெட்டியைத் தூக்க முடியாமல் தாத்தா படியில் உட்கார்ந்துவிட்டதை ஒரு மாணவன் இப்போதும் சொல்கிறான்.

அது முழுக்க முழுக்க வேதியியல். ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ ஈயம் இருக்கவில்லை. தெருவின் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் பழைய ஈயக் குழாயிலிருந்து அது கரைந்து வந்தது. குழாயின் உட்புறத்தில் காப்புப் படலம் ஒன்று படிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நீரில் அரிப்புத் தடுப்பான் சேர்க்கிறார்கள். நகரத்தின் ஒரு பகுதிக்கு நீர் தரும் பெக்குவானக் சுத்திகரிப்பு நிலையத்தில் பல ஆண்டுகளாகச் சோடியம் சிலிக்கேட் சேர்த்துவந்தார்கள். கிருமிநீக்கத்தின்போது உண்டாகும் கேடான துணைப்பொருள்களைக் குறைக்க வேண்டி, காலப்போக்கில் நீரின் காரத்தன்மை குறைக்கப்பட்டது. ஒரு தீமையைத் தவிர்க்கச் செய்த மாற்றம் காப்புப் படலத்தை வலுவிழக்கச் செய்தது. 2019-ல் ஆர்த்தோபாஸ்பேட் என்ற வேறோர் அரிப்புத் தடுப்பானைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு தொடங்கி, ஏறத்தாழ 23,000 ஈயக் குழாய்கள் மூன்று ஆண்டுகளுக்குள் தோண்டி எடுக்கப்பட்டுச் செம்புக் குழாய்கள் போடப்பட்டன. நாட்டில் வேறெங்கும் இவ்வளவு வேகமாக நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தங்கள் நகரத்தைப் பற்றிப் பிள்ளைகள் பெருமைப்படத்தக்க செய்தி அது.

இதை ஏழாம் வகுப்பில் கற்பிக்க ஈயம் தேவையில்லை. இரும்பு ஆணிகளை வினிகரிலும், குழாய்த் தண்ணீரிலும், சமையல் சோடாக் கரைசலிலும் போட்டுவைத்து ஒரு வாரம் கவனித்தாலே நீரின் தன்மைக்கும் உலோக அரிப்புக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரியும். பின்னர் நகரத்தின் நீர்த்தர அறிக்கையை, பொதுவெளியில் இருக்கும் உண்மையான எண்களை, அவர்கள் கையில் கொடுக்கலாம். எங்கள் தெரு எந்த நிலையத்துத் தண்ணீரைக் குடிக்கிறது, ஏன் நகரத்தின் ஒரு பகுதியில் கூடுதலாகவும் மறு பகுதியில் குறைவாகவும் இருந்தது என்று அவர்களே கேட்பார்கள். இந்தப் பாடத்துக்குப் பத்துப் பாடவேளை வேண்டும். பாடநாள்காட்டி எனக்குத் தருவது மூன்று.

2024 ஏப்ரலில் மூன்று நாள் இடைவெளியில் இயற்கையே இரண்டு பாடங்களை வாசலில் கொண்டுவந்து வைத்தது. 5-ஆம் தேதி ஒயிட்ஹவுஸ் ஸ்டேஷன் அருகே 4.8 அளவு நிலநடுக்கம். 8-ஆம் தேதி பிற்பகலில் சூரியனின் பெரும்பகுதியை நிலவு மறைத்தது. நிலநடுக்கம் ஏன் இங்கே, எரிமலையே இல்லாத இடத்தில்? கிரகணம் ஏன் ஒவ்வோர் அமாவாசையிலும் வருவதில்லை? பிள்ளைகள் கேட்ட கேள்விகள் சுவரை நிறைத்தன. ஆனால் அது தேர்வுக்கு முந்திய மாதம். அந்தக் கேள்விகளைத் துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவைக்கத்தான் நேரம் இருந்தது.

இடமும் ஒரு சிக்கல். நியூ ஜெர்சிச் சட்டப்படி சார்ட்டர் பள்ளிக்கு ஒரு மாணவருக்குக் கிடைப்பது பொதுவாக நகரப் பள்ளி மாவட்டம் ஒரு மாணவருக்கு ஒதுக்கும் தொகையில் 90 விழுக்காடு. கட்டடத்துக்கென்று நிலையான தனிப் பணம் இல்லை. அதனால் பழைய தேவாலயப் பள்ளிகளிலும் அலுவலகக் கட்டடங்களிலும் வகுப்பறை அமைக்கிறார்கள். கைகழுவும் தொட்டி இல்லாத அறையில் நான் அமிலமும் காரமும் கற்பித்திருக்கிறேன். வாளியில் தண்ணீர் சுமந்து வந்தோம். ஆய்வக வகுப்பில் 24 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தேசிய அறிவியல் கற்பித்தல் சங்கத்தின் பரிந்துரை. முப்பது பேரை வைத்துக்கொண்டு தீப்பற்றவைக்கும் ஆசிரியரின் மனநிலையை உங்களில் ஆய்வகப் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்கள் அறிவீர்கள். வினிகர், கையுறை, பேட்டரி எல்லாம் பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தச் செலவு. 2025-ஆம் வரியாண்டில் அதில் 300 டாலர்வரை வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ள அரசு அனுமதித்தது. அந்த வரம்பு எந்த மாதத்தில் தாண்டும் என்று எந்த அறிவியல் ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள்.

தலைமையாசிரியர்களை நான் குறைசொல்லவில்லை. புதிய பள்ளிக்கு முதலில் நான்காண்டு அனுமதி. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். புதுப்பிக்கும்போது மாநிலம் முதன்மையாகப் புரட்டுவது கணித, ஆங்கில மதிப்பெண்களை. அவை சரிந்தால் பள்ளியே மூடப்படலாம். அந்த அச்சம் தலையில் இருக்கும் ஒருவர் அறிவியல் நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுப்பது புரிந்துகொள்ளக்கூடியது. அந்த அச்சத்தைத் தாங்கி, "இல்லை, இந்த நேரத்தைத் தொடாதீர்கள்" என்று சொல்லும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறது. என்னிடம் இல்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

கல்லூரி என்ற சொல்லை எங்கள் பள்ளிகளின் ஒவ்வொரு சுவரிலும் பார்ப்பீர்கள். வகுப்பறைகளுக்குப் பல்கலைக்கழகங்களின் பெயர்கள், கூரையில் அவற்றின் கொடிகள். நாட்டின் பல நகரங்களில் இயங்கும் சார்ட்டர் பள்ளித் தொடரான கிப் பள்ளிகள் 2011-ல் தங்கள் தொடக்ககால மாணவர்களைப் பின்தொடர்ந்து, அவர்களில் 33 விழுக்காட்டினர் நான்காண்டுப் பட்டம் பெற்றதாகத் தாங்களே அறிவித்தன. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் நாடளாவிய நிலையோடு ஒப்பிட்டால் அது பெரிய உயர்வு. ஆனால் தாங்கள் எண்ணியிருந்த இலக்கு அதற்கும் மிக மேலே என்பதை மறைக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். கல்லூரியில் சேர்வதும் முடிப்பதும் வேறு வேறு என்று அன்றே இந்தப் பள்ளிகள் கற்றுக்கொண்டன. இந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி முடிக்க மூன்று ஆண்டு அறிவியல் படிக்க வேண்டும், ஆய்வகத்தோடு. அதற்குப் பிறகு செவிலியர் படிப்போ பொறியியலோ எடுக்கும் பெண், முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் தராசின் முன் முதல்முறையாக நிற்கும் நிலை வரக்கூடாது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நியூவார்க் வளாகமும் நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகமான என்ஜேஐடியும் எங்கள் பிள்ளைகள் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. உள்ளே போனவர்கள் அங்கே நிலைத்து நிற்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. அறிவியலுக்கான வாராந்தர நிமிடங்களைக் கணித மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே குழுவின் அறிக்கையில் அச்சிடச் சொல்லுங்கள். கணிதத் தனிப் பயிற்சிக்குப் பிள்ளைகளை எந்த வகுப்பிலிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து. நன்கொடை தருபவர்கள் அடுத்த முறை மடிக்கணினிக்குப் பதிலாக ஒரு தொட்டி, ஒரு கண்கழுவும் கருவி, ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் பொருள்களுக்கான ஒரு சிறு நிதி என்று யோசியுங்கள். ஒருநாள் வந்து தொழில் வழிகாட்டி உரை நிகழ்த்தும் அன்பர்களே, உங்களை வரவேற்கிறோம். ஆனால் ஒரே வகுப்புக்கு ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை வந்து, ஒரு மேசையில் நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களின் வாதத்தைக் கேட்பவர் ஒருவர் கிடைத்தால் அதன் பயன் பல மடங்கு. மெட்ரோபார்க்கில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் நியூவார்க் பென் ஸ்டேஷன். உங்களில் பலர் மன்ஹாட்டனுக்குப் போகும் வழியில் நாள்தோறும் அதைக் கடந்துதான் போகிறீர்கள்.

குழுவில் இல்லாதவர்களும் கேட்கலாம். 1975-ஆம் ஆண்டுப் பொதுக் கூட்டச் சட்டப்படி சார்ட்டர் பள்ளிக் குழுக்களின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்தவை. கூட்ட நாள்களை ஒவ்வொரு பள்ளியும் இணையதளத்தில் வெளியிடுகிறது. பேச விரும்பினால் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வரும் ஆண்டின் பாடவேளை அட்டவணை பெரும்பாலும் கோடைக்கு முன்பே உருவாகிவிடுகிறது. ஆகவே வசந்தகாலக் கூட்டங்களிலேயே கேளுங்கள், இலையுதிர்காலத்தில் கேட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கச் சொல்வார்கள்.

அன்புடன்,
ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்,
நியூவார்க், நியூ ஜெர்சி